மூன்றாவது கட்சிக்காரி

சித்திரை வெக்கையிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஷைலஜா ஹிரேமட் தரையில் உட்காருவாள். சுற்றிலும் துண்டுக் காகிதங்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம் கேட்டுவந்த பேச்சை வரிவரியாக வெட்டிப் பரப்பி, ஒன்றோடு ஒன்று சேர்வதைச் சேர்ப்பாள்.

"ஃபேனைப் போட்டா உன் டாக்டர் பட்டம் பறந்துடுமாடி?" என்பான் கணவன்.

"பறக்கட்டும், நீங்க பொறுக்கித் தாங்க."

அவள் கர்நாடகத்துத் தார்வாட்டில் நர்சிங் கல்லூரி ஆசிரியை. காய்க்காரி கத்தரிக்காய் கசக்கும் என்றால்கூட, "கசக்கும்னா எப்படி, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்கிற அளவுக்கு ஆராய்ச்சி முற்றிவிட்டது.

அவளுடைய முறைக்குக் கிரவுண்டட் தியரி என்று பெயர். கோட்பாட்டை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. மக்கள் பேச்சிலிருந்தே அது எழ வேண்டும். அதிலும் மூன்று கட்சி. மனத்தைத் துடைத்துவிட்டுப் போ என்பது ஒன்று. காரணம், சூழல், செயல், விளைவு என்று கட்டம் போட்டு அடை என்பது இன்னொன்று. கேட்டவளும் சொன்னவளும் சேர்ந்து உண்டாக்கியதுதான் பேச்சு, ஆகவே உன்னையும் எழுது என்பது மூன்றாவது. ஷைலஜா மூன்றாவது கட்சி. காரணம் கங்கவ்வா.

பக்கவாதத்தில் விழுந்த கணவனுக்குச் சோறூட்டுகிறவள் கங்கவ்வா. எப்போது போனாலும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா" என்பதோடு சரி. ஒருநாள் ஷைலஜாவே தாங்காமல், "என் மாமியார் கிடந்தப்போ, சீக்கிரம் போய்ச் சேரட்டும்னு நான் வேண்டியிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கங்கவ்வாவின் கை நின்றது. "நானும் தினம் அதைத்தான் வேண்டுறேன் அக்கா. நான் ஒருத்திதான் பாவின்னு நெனச்சேன்."

வழிகாட்டிப் பேராசிரியர் இனாம்தாருக்கு, அவள் தன் பேச்சையும் ஆய்வேட்டில் சேர்த்தது பிடிக்கவில்லை. "ஆய்வேட்டை மதிப்பிட வர்றவர் கட்டம் கேக்கற ஆளு. ரெண்டாவதுக்கு மாத்தும்மா."

"அப்ப நான் சொன்னது, சார்?"

"எடுத்துடு. உன் வீட்டுக் கதையை யாரு கேட்டா?"

"அதை எடுத்தா அவங்க மட்டும் கொலைகாரி மாதிரி நிப்பாங்க சார்."

"பேரைத்தான் மாத்திடப் போறியே! முடியாதுன்னா வேற கைடு பாத்துக்கோ. கெடுவும் முடியுது."

அவள் மாற்றினாள். தன் வரியை வெட்டிக் குப்பையில் போட்டாள். அட்டையில் 'எதிர்மறை மனப்பான்மை' என்ற கட்டத்துக்குள் கங்கவ்வாவின் வரியைத் தனியாக ஒட்டினாள்.

பசை காய்ந்த பிறகும் அந்த வரியின் மேலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை.