கூரைமேல் கேட்ட மூன்று நிமிடம்

லைல் பெக்ஸ்டெட்டுக்கு ஒரு வியாதி உண்டு. ஏசி மெஷின் எங்கே முனகினாலும் காது அந்தப் பக்கம் போய்விடும். சர்ச்சில் பிரசங்கம் நடக்கட்டும், பல் டாக்டர் வாய்க்குள் கையை விட்டிருக்கட்டும், லைலுக்கு அந்த மெஷின்தான் முக்கியம். "நான் மயங்கி விழுந்தாக்கூட திரும்பிப் பாக்கமாட்ட. ஃபேன் நின்னா மட்டும் எந்திரிச்சு ஓடுவ" என்பாள் அவன் மனைவி ஜனெல்.

அரிசோனாவின் மேசா நகரில் இருபத்திரண்டு வருடமாக அவனுக்கு ஏசி ரிப்பேர்தான் பிழைப்பு. ஜூலை மாத மத்தியானத்தில் கூரைக்கும் உள்தளத்துக்கும் நடுவே தவழ்ந்து போய் வேலை பார்த்துவிட்டு, வெளியே வந்து சிரிக்கிற மனுஷன். கோபம் வராது. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒரே பாட்டுதான் உண்டு. ஏழாம் வகுப்பில் அவனை மந்தக் கணக்குப் பிரிவில் தள்ளியிருந்தார்கள். ஹோட்டலில் யாராவது டிப்ஸ் கணக்குப் போடச் சொன்னால்கூட, "என்னை ஏம்ப்பா கேக்கற, நான் மந்தக் கிளாஸ் ஆளு" என்பான். மேஜையே சிரிக்கும். மகள் மாரென் மட்டும் சிரிக்க மாட்டாள். அதை அவன் கவனித்ததே இல்லை.

மாரென் படித்தது சார்ட்டர் பள்ளி. அரசாங்கப் பணம், ஃபீஸ் கிடையாது, இடம் மட்டும் குலுக்கலில்தான். அவள் பெயர் விழுந்த அன்று லைல் தெருவுக்கே டோனட் வாங்கிக் கொடுத்தான். பாடம் என்னவோ முரட்டுப் பாடம். மற்ற பள்ளிகளில் எட்டாவதில் தொடுகிற அல்ஜிப்ராவை இங்கே ஆறாவதிலேயே முடித்தாக வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனி. மே மாதப் பரீட்சையில் தவறினால் மறுபடியும் அதே வகுப்பு.

இந்தச் செப்டம்பரில் வைத்த முதல் அல்ஜிப்ரா டெஸ்டில் மாரென் நாலு மார்க்கில் தவறினாள். கராஜில் போய் உட்கார்ந்து அழுதாள். லைல் கதவோரம் நின்று அதைப் பார்த்தான். அதே வாரம் பள்ளியில் பேச்சு கிளம்பியது: திணறுகிற பிள்ளைகளுக்கு, லேசான புத்தகத்தோடு மெதுவான பிரிவு ஒன்று தொடங்கலாமா? நிர்வாகக் குழு பெற்றோரைக் கூப்பிட்டது. பிரிவு வந்தால் அன்றைக்கே மாரெனைச் சேர்த்துவிடுவது என்று லைல் முடிவு கட்டிவிட்டான். மாரெனிடம் கேட்கவில்லை.

வியாழன் சாயங்காலம் ஆறு மணி. ஜனெல் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்ததால் மாரெனையும் கூட்டிக்கொண்டு போனான். உடற்பயிற்சிக் கூடத்தில் இருநூறு மடக்கு நாற்காலி. வாசலில் சீட்டு கொடுத்தார்கள். பிரிவு வேண்டும் என்பவர்களுக்குப் பச்சை, வேண்டாம் என்பவர்களுக்கு ரோஸ். ஆளுக்கு மூன்று நிமிடம். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அதே குடும்பத்தில் ஒருவர் பேசலாம். குழுத் தலைவி பெட்டிங்கர் அம்மாள் முட்டை வேகவைக்கிற டைமரை மேஜையில் வைத்திருந்தார். லைல் பச்சைச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தான்.

முதலில் சிப் தொழிற்சாலை இன்ஜினியர் வாண்டர்மோலன் எழுந்தார். "கஷ்டமா இருக்குன்னுதான் இங்க சேத்தோம். லேசா வேணும்னா பக்கத்துத் தெருவுலயே பள்ளிக்கூடம் இருக்கே, போகவேண்டியதுதானே?"

"உங்க பையன் வீட்டுல அழுதா தெரியும்" என்றாள் பின்வரிசை அம்மா ஒருத்தி. "எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைல தனிமங்களோட அட்டவணைய ஒட்டி வச்சிருக்கோம். சாப்பிட இடமில்ல."

"அழாத பிள்ளை எங்கம்மா இருக்கு?"

"அழுகைக்கும் மார்க் போடுவீங்களோ?"

டைமர் கிணிகிணித்தது. யாரும் அடங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து கூரைமேல் ஏசி மெஷின் ஒரு இருமல் இருமி நின்றது.

வெளியே நூற்றாறு டிகிரி. பத்து நிமிடத்தில் இருநூறு பேரும் சீட்டால் விசிற ஆரம்பித்தார்கள். கம்பெனிக்காரர்கள் காலையில்தான் வருவார்கள் என்றார் பெட்டிங்கர் அம்மாள். லைலால் உட்கார முடியவில்லை.

"அப்பா, உன் பேரு இன்னும் வரல" என்றாள் மாரென்.

"அஞ்சே நிமிஷம். கெப்பாசிட்டராத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினான். பள்ளிப் பராமரிப்பு ஆள் கஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

கூரையில் மெயின் சுவிட்சை அணைத்து, மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றினான். சொன்னது சரிதான், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் உப்பிப்போயிருந்தது. புதிதை மாட்டினான். சுவிட்சில் கை வைத்தபோது, காற்றை உள்ளே இழுக்கிற குழாய் வழியாகக் கீழே பேசுவது தெளிவாகக் கேட்டது. காற்றாடி நின்றுவிட்டால் அந்தக் குழாய் அப்படித்தான், ஒரு வார்த்தை விடாமல் மேலே அனுப்பும்.

"லைல் பெக்ஸ்டெட்" என்று கூப்பிட்டார் பெட்டிங்கர் அம்மாள். கொஞ்ச நேரம் நாற்காலிச் சத்தம். பிறகு மாரெனின் குரல்.

"எங்கப்பா மேல இருக்காரு. அவரு சீட்டுல நான் பேசறேன். அவரு பச்சை குடுத்திருக்காரு. நான் அல்ஜிப்ரால நாலு மார்க்ல போயிட்டேன், அதுக்காக."

லைல் குழாய்ப் பக்கம் குனிந்தான்.

"எங்கப்பா மெஷினோட அழுத்தத்தப் பாப்பாரு, சூட்டைப் பாப்பாரு, ரெண்டையும் வச்சு என்ன கோளாறுன்னு மனசுலயே கணக்குப் போட்டுடுவாரு. பேப்பர் கிடையாது. நான் கூடப் போய் பாத்திருக்கேன். ஆனா யாரு கேட்டாலும் 'நான் மந்தக் கிளாஸ்'னுதான் சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. அவர அந்தக் கிளாஸ்ல போட்டப்ப அவருக்குப் பன்னெண்டு வயசு. இப்ப நாப்பத்தஞ்சு. இன்னும் அங்கயேதான் உக்காந்திருக்காரு."

கீழே விசிறல் நின்றுபோயிருந்தது. லைலுக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கை சுவிட்சிலேயே இருந்தது. போட்டால் காற்றாடி இரைச்சலில் அவள் குரல் அமுங்கிப்போகும். எல்லோரும் இன்னும் கொஞ்சம் வியர்க்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"எனக்கு வேற புஸ்தகம் வேணாம். இதே புஸ்தகம், இன்னும் ஒரு மணி நேரம் வேணும். அல்ஜிப்ரா எடுக்கற பெட்ரி டீச்சர் காலைல ஏழு மணிக்கே வந்துடறாங்க. கேக்கறவங்களுக்கு அப்ப சொல்லித் தரச் சொல்லுங்க. அவ்ளோதான்."

டைமர் அடித்தது. லைல் சுவிட்சைப் போட்டான்.

அவன் இறங்கி வருவதற்குள் ஓட்டெடுப்பு முடிந்திருந்தது. மெதுவான பிரிவு இப்போதைக்கு இல்லை. திங்கட்கிழமை முதல் காலை ஏழு மணிக்கு பெட்ரி டீச்சர் வகுப்பில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வாண்டர்மோலனும் பின்வரிசை அம்மாவும் முதல்முறையாக ஒரே பக்கம் கை தூக்கினார்களாம்.

வேனில் வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் மாரென் கேட்டாள்.

"கோவமாப்பா?"

"இல்ல."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் அவ்ளோ நேரம்? எல்லாரும் வெந்துட்டாங்க."

"நீ பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வேல முடிஞ்சிருச்சு."

மாரென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிக்னலில் வண்டி நின்றபோது லைல் மீசையைத் தடவினான்.

"திங்கக்கிழம... அந்த டீச்சர், பெரியவங்க வந்து உக்காந்தா ஏதாவது சொல்லுவாங்களா?"

மாரென் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பென்சில் நீயே கொண்டு வரணும். என் பக்கத்துல உக்காரக் கூடாது."

"சரி" என்றான் லைல்.