இரண்டு சன்னல்களில் ஒரே விசில்

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் அவருக்கு 'எதுக்கும் அக்கா' என்று பெயர். கையெழுத்தோ, முத்திரையோ, பக்க எண்ணோ, எதை நீட்டினாலும் "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடுவோம்" என்பார்.

கைக்குழந்தையோடு பேருந்தில் இடிபட முடியாத பெண்கள், வீட்டிலிருந்தே செல்போன் திரையில் சாட்சி சொல்லலாம் என்று முதலில் மனுப் போட்ட வக்கீல் அவர்தான். அனுமதி கிடைக்க மூன்று வருடம் நடையாய் நடந்தார். "அடுத்து தீர்ப்பையும் பார்சல் கட்டச் சொல்வீங்களா மேடம்?" என்று சக வக்கீல்கள் ஓட்டினார்கள்.

அன்று திரையில் வந்தது அவருடைய கட்சிக்காரி. அடிக்கும் கணவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று தடை வாங்கியிருந்தவள். தடை நீடிக்குமா என்பதுதான் அன்றைய விசாரணை.

"கேஸ வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்."

எதுக்கும் அக்காவுக்குச் சுருக்கென்றது. வார்த்தைக்கு வார்த்தை 'அக்கா' என்பவள், இன்று மேடமா?

"ஐயா, அறையைச் சுத்திக் காட்டச் சொல்லணும்" என்றார் நீதிபதியிடம்.

செல்போன் சுழன்றது. கட்டில், பீரோ, மூடிய கதவு. ஆள் இல்லை.

"கட்டிலுக்கு அடியிலயும் பாத்துடலாமா மேடம்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிமன்றக் கூடம் சிரித்தது.

வாபஸைப் பதிவுசெய்ய நீதிபதி பேனாவை எடுத்தார். திரையின் இன்னொரு சன்னலில் கணவன். அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லியிருந்தான். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

"ஐயா, எதுக்கும் அவர்கிட்டயும் சம்மதம் கேட்டுடுங்க" என்றார் எதுக்கும் அக்கா. பேச வேண்டுமானால் அவன் மைக்கைத் திறந்தாக வேண்டும்.

திறந்தான். "சம்மதம்தாங்க ஐயா..."

குக்கர் விசில் அடித்தது. மனைவியின் சன்னலில். கணவனின் சன்னலிலும்.

சிரிப்பு அடங்கியது.

"தம்பி, ஆபீஸ்ல என்ன சமையல்?" என்றார் எதுக்கும் அக்கா.

கணவனின் சன்னல் பட்டென்று இருண்டது. நீதிபதி பேனாவை மூடினார். "அம்மா, நீங்க லைன்லயே இருங்க. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுங்க." அரைமணியில் பெண் போலீஸ் அந்தக் கதவைத் தட்டுவதைக் கூடமே பார்த்தது. தடை நீடித்தது.

"அசத்திட்டீங்க மேடம்" என்று கை கொடுக்க வந்த எதிர்த்தரப்பு வக்கீலை அவர் கவனிக்கவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பழைய டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் அனுமதி வாங்கித்தந்த அதே திரையில் வாபஸ் சொல்லிப் போன பெண்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் அவர் நம்பியிருந்தார்.

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "போன் போட்டுத் தரட்டுமாக்கா?"

"போன் வேணாம். அட்ரஸ் எடுங்க."