சங்கத்தில் இடம் கேட்டு நின்ற எங்கள் நைனா

எங்கள் நைனா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம்.

நைனா பிறந்தது திருவாலங்காட்டில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, அரக்கோணத்தில் ஒரு கொல்லுப் பட்டறையில் இரும்பு வேலை பழகினார். அம்மாவை மணந்தபின், அம்மாவின் தம்பி திருத்தணியில் நடத்திய பட்டறையில் சேர்ந்தார். மண்வெட்டி, கடப்பாரை, சுத்தியல் செய்யும் சிறிய பட்டறை. நைனா முன்கோபக்காரர்தான். ஆனால் யாரையும் பசியோடு வேலை செய்ய விடமாட்டார்.

யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு மண்வெட்டி கேட்டு ஆர்டர் வந்தது. வேலை நேரம் நீண்டது, தொழிலாளர் சங்கமும் பிறந்தது. நைனா முதல் ஆளாய்ப் பேர் கொடுக்கப் போனார். மாமா பட்டறை நடுவில் நின்று, அக்காள் புருஷன் என்ற முறையில் "பாவா, பாவா" என்று அழைப்பதைத் தினமும் கேட்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

"நீ மொதலாளி வூட்டு மாப்ள. இங்க பேசறது அங்க போயிடும்பா" என்றார் சங்கக் காரியதரிசி.

நைனா மாமாவிடம் போய், "பட்டறைல என்னப் பேர் சொல்லிக் கூப்புடு" என்று கேட்டார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன வூட்டுலயே சேக்காது பாவா" என்று மாமா சிரித்துவிட்டார்.

நைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடவே வேர்வை சிந்துகிறவர்கள் தன்னை வேவுகாரனைப்போல் பார்த்தது அவரை அரித்தது.

பிறகு, சம்மட்டி அடிக்கும் முனுசாமிக்குப் பொறி தெறித்து ஒரு கண் போயிற்று. மாமா அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எல்லோரும் வேலையை விட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடாமலே நைனாவும் போய் உட்கார்ந்தார்.

"பாவா, நீங்க எந்திரிச்சு உள்ள வாங்க."

"முனுசாமிய இட்டுகினு போ. நானும் வரேன்."

மாமா அன்றுதான் முதன்முதலாக நைனாவைப் பெயர் சொல்லி அழைத்தார். இனி வரவேண்டாம் என்றார்.

அன்று மாலையே சங்கம் நைனாவைச் சேர்த்துக்கொண்டது. சங்கம் விடாமல் நின்றதில் முனுசாமிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, நைனாவுக்குக் கிடைக்கவில்லை. சந்தையில் ஏர்க்கொழு அடித்துக் கொடுத்து எங்களைக் காப்பாற்றினார். அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும்போது எதிர்ப்பட்டால்கூட மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனா செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன். அம்மா அழுததையும் மறைக்கமாட்டேன்.

நைனா நெஞ்சுச் சளியில் படுத்தபோது சங்கத்தார் மாறி மாறி அருகில் இருந்தார்கள். இறுதியில் பாடை தூக்கவும் முனுசாமியோடு சேர்த்து அவர்களில் நால்வர் நின்றார்கள். அப்போது மாமா வந்தார். ஒருவரும் வழிவிடவில்லை.

அம்மாதான் வாய் திறந்தார். "முனுசாமி, உன் எடத்த அவனுக்குக் குடுப்பா."

முனுசாமி விலகி மாமாவுக்கு இடம் விட்டார்.

நைனாவைச் சுமந்த நால்வருக்கும், விலகி நின்ற அந்த ஒருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.