மாத்திரைப் பெட்டிக்குப் போட்ட பூட்டு

முதலில் வலது கட்டைவிரல்தான் துடித்தது. பட்டறையில் ஒரு பூட்டின் நாக்கை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரல் தானாக இரண்டு தரம் வெட்டி இழுத்தது. வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது பட்டறைக் கூரைதான். நாக்கில் ரத்தம். வேட்டி நனைந்திருந்தது. என் கைக்குள் ஒரு சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மூடி அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"இரும்பக் கையில குடுத்தா நின்னுரும்னு சொல்லுவாக. நின்னுருச்சு பாத்தியா," என்றான் சந்தியாகு. எனக்கு அடுத்த பலகையில் வேலை செய்தவன். "ஆனா ஒண்ணு மாப்ளே, காலையில இருந்து நீ இரும்பத்தான பிடிச்சிட்டிருந்த? அப்ப எப்படி வந்துச்சு?"

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களில் யார் முதலாளியிடம் போய்ச் சொல்வார்கள் என்றுதான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்றைக்கு முதலாளி மதுரைக்குப் போயிருந்தார்.

பிள்ளைகளா, இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் தனத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது என்னுடைய நோய்தான். டாக்டர் அதே மாத்திரையைத்தான் கொடுத்திருக்கிறார். நேற்று அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டு மாத்திரை எடுப்பதைப் பார்த்தேன். தம்பி தங்கைக்குக்கூடத் தெரியக் கூடாதாம். நான் திட்டவில்லை. நான் செய்ததைத்தான் அவளும் செய்கிறாள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை வீட்டில் வந்ததும் உங்கள் அம்மா என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். காக்காய்வலிப்பு என்றார் (மூளையில் சீராக ஓட வேண்டியது ஒரு நேரம் தாறுமாறாக ஓடி, உடம்பை இழுத்துப் போட்டுவிடும் நோய்). கட்டைவிரல் துடித்ததும் இரும்பு ருசி வந்ததும் முன்னறிகுறி (வலிப்பு வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டிக் காட்டும் சாடை). பீனோபார்பிடோன் எழுதிக் கொடுத்தார் (அந்த ஓட்டத்தை அடக்கி வைக்கும் மாத்திரை). காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

எனக்கு அந்த மாத்திரை மேல் நம்பிக்கை இல்லை. கம்பவுண்டர் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்து ஏமாற்றுகிறாரோ என்று ஒன்றை நக்கிப் பார்த்தேன். கசந்தது. கசப்பு கலந்த சுண்ணாம்புக்கட்டியோ என்று அடுத்த சந்தேகம். ஆனாலும் சாப்பிட்டேன். எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. பட்டறையில், ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒருத்தரிடம் தாயத்துக் கட்டிச் சரியாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன். அவர்களும் அதை முதலாளி காதுக்குக் கொண்டுபோகவில்லை. மாத்திரை விஷயம் உங்கள் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மலாயா விடுதலை வாங்கின அடுத்த வருஷம், முதலாளி பினாங்கில் இருந்த தன் சொந்தக்காரர் கடைக்கு இரண்டு பேரை அனுப்பத் தீர்மானித்தார். பூட்டும் இரும்புப் பெட்டியும் பழுது பார்க்கிற வேலை, மூன்று வருஷம். என்னையும் சந்தியாகுவையும் சொன்னார். தனம் அப்போது கைக்குழந்தை. ஓலைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வலிப்புக்காரன் என்று தெரிந்தால் அக்கரைக்கும் அனுப்ப மாட்டார், இக்கரையில் பட்டறைக்குள்ளும் விட மாட்டார்.

டாக்டரம்மாவிடம் போய், மூன்று வருஷத்துக்கு மாத்திரை வேண்டும் என்றேன்.

"அம்புட்டும் தர மாட்டேன். கெட்டுப் போகும். ஆறு மாசத்துக்குத் தாரேன். அதுக்குள்ள அங்கே ஒரு டாக்டரைப் பாத்துக்கணும்," என்றார். பழுப்பு நிற பாட்டிலில் மாத்திரையைப் போட்டு, மருந்தின் பெயரும் என் பெயரும் எழுதின சீட்டை ஒட்டி, ஒரு கடிதமும் கொடுத்தார். "பாட்டில், சீட்டு, கடிதாசி மூணும் சேந்தே இருக்கணும். கூட வர்றவங்க ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வை. ஒரு வேளைகூட விடக் கூடாது. சட்டுன்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும்."

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியாது. 'இவனைக் கப்பலில் ஏற்றாதே' என்று எழுதியிருந்தால்? யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடும். கடிதத்தை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். பாட்டிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒட்டின சீட்டை உரித்தெடுத்தேன். அதோடும் விடவில்லை. ஒரு தகரப் பெட்டிக்குள் பாட்டிலை வைத்து, அதற்கென்றே ஒரு பூட்டுச் செய்தேன். நான் செய்ததிலேயே நல்ல பூட்டு அது. வெளியில் சாவித்துவாரமே தெரியாது. பூட்டின் பக்கவாட்டில் உள்ள ஆணித்தலைகளில் மூன்றாவதை அமுக்கிக்கொண்டு மேல்தகட்டைத் தள்ளினால்தான் துவாரம் தெரியும். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். எங்களுக்கு மேல்தளம்தான். பாய் விரித்த இடம்தான் வீடு. இந்தப் பக்கம் சந்தியாகு, அந்தப் பக்கம் ஒரு செட்டியார் கடைக் கணக்கர், காலடியில் ஒரு குடும்பம். எந்நேரமும் கண்கள்.

"என்ன மாப்ளே, பொட்டியில தங்கமா வச்சிருக்க? ராசா கெசானாவுக்குக்கூட இந்தப் பூட்டு கெடையாது," என்றான் சந்தியாகு.

"உனக்கெதுக்குடா அது?"

"எனக்கெதுக்கு? திறந்தா எனக்கும் ஒரு பவுன் குடு."

இவன் வேண்டுமென்றே கிண்டுகிறான் என்று நினைத்தேன். பினாங்குக் கடைக்காரருக்கு உளவு சொல்லத்தான் முதலாளி இவனைக் கூட அனுப்பியிருக்கிறார் என்றுகூட நினைத்தேன். இரண்டு நாள் அவன் குளிக்கவும் சோறு வாங்கவும் போகும் நேரம் பார்த்து மாத்திரை விழுங்கினேன். மூன்றாம் நாள் கடல் பொங்கியது. வாந்தி எடுத்து அவன் பாயை விட்டு எழவே இல்லை. நான் பெட்டியைத் திறக்கவில்லை. காலை மாத்திரை போயிற்று. சாயங்காலமும் போயிற்று. நான்காம் நாள் காலையில், இதோ எழுந்துவிடுவான் என்று காத்திருந்தபோது கட்டைவிரல் துடித்தது. வாயில் அந்த ருசி.

இதற்கு மேல் நடந்தது சந்தியாகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வலிப்பு நின்று, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்திருக்கிறது. யாரோ இரும்பு, இரும்பு என்று கத்தியிருக்கிறார்கள். கணக்கர் என் இடுப்புக் கயிற்றை அறுத்து, அதில் இருந்த சாவியையே என் கையில் வைத்து மூடியிருக்கிறார். கப்பல் டாக்டர் வந்து எல்லாரையும் விலக்கி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஊசி போட்டார். "இரும்பெல்லாம் வேண்டாம். இவர் என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டார்.

சந்தியாகு தன் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, டாக்டரம்மாவின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான்.

ஆமாம், சாமி படத்துக்குப் பின்னால் நான் செருகிய அதே கடிதம். புறப்படுவதற்கு முந்தின நாள் உங்கள் அம்மா அதை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். "அண்ணே, அவுக ஒங்ககிட்டச் சொல்ல மாட்டாக. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாதீக," என்று சொல்லியிருக்கிறாள். அவனும் காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியைப் பற்றிக் கேலி பேசினதெல்லாம், நானாக வாயைத் திறப்பேனா என்று பார்க்கத்தான்.

"மாத்திரை இந்தப் பொட்டிக்குள்ள இருக்குங்க," என்றிருக்கிறான். இருபது வருஷம் பூட்டு வேலை செய்தவன், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். துவாரத்தைக் காணோம். சாவியோ என் மூடின கைக்குள். விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

அரைகுறை நினைவு வந்தபோது பெட்டியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பூட்டைப் பார்த்தேன். "இது யாரு பூட்டு?" என்று கேட்டேன்.

"ஏலே, எந்தப் பயடா ஓட்டையில்லாம பூட்டுச் செஞ்சது!" என்று சந்தியாகு கத்தினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

இயந்திர அறையில் இருந்து ஒருவர் ரம்பம் கொண்டுவந்தார். பூட்டு அசையவில்லை. பூட்டு மாட்டியிருந்த நாதாங்கியைத்தான் அறுத்தார்கள். பாட்டிலை வெளியே எடுத்தும் பயனில்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சீட்டு இல்லை. உள்ளே இருப்பது எதுவென்று எனக்கு எப்படித் தெரியும்? கொடுக்க மாட்டேன்," என்றார். கப்பலில் இருந்த மருந்தைக் கொடுத்துத்தான் கரை சேர்த்தார்.

பினாங்கில் என்னை நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே மூன்று நாள் கிடந்தேன். ஆறு மாத மாத்திரையையும் பெயர் தெரியாத சரக்கு என்று அழித்தார்கள். என்னைக் காப்பாற்றியது, நான் பயந்த அந்தக் கடிதம்தான். அதில் என்ன இருந்தது என்று அங்கே ஒரு தமிழ் நர்ஸ் படித்துச் சொன்னார்: 'இவர் நல்ல வேலைக்காரர். மருந்தை விடாமல் சாப்பிட்டு வருவதால் எட்டு மாதமாக நோய் இல்லை. தயவுசெய்து இவருக்குத் தொடர்ந்து மருந்து கிடைக்கச் செய்யுங்கள்.'

கடைக்காரரிடம் சந்தியாகுவே பேசினான். "மாத்திரை சாப்பிட்டா இவன் என்னைவிட நல்லாச் செய்வான் மொதலாளி. சாப்பிடுறானான்னு பாத்துக்கிற நான் இருக்கேன்." கடைக்காரர் என் கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சாணைச் சக்கரத்தின் பக்கம் போகக் கூடாது என்று மட்டும் சொல்லி வேலை கொடுத்தார். மூன்று வருஷமும் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தினமும் எல்லார் முன்னாலும் மாத்திரை விழுங்கினேன். முதல் வாரம் பார்த்தார்கள். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

தனம், நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த உடம்பு முழுவதும் நம் கையில் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு நாள் என்பது பொழுது விடிந்து அடைவது. எனக்கு ஒரு நாள் என்பது இரண்டு மாத்திரை. கட்டைவிரலை இன்னமும் நான் நம்புவதில்லை. அது சும்மா அரித்தால்கூட உட்கார்ந்துவிடுவேன்.

கப்பலில் அந்த ஒரு பகல் என்னிடம் கிடையாது. எவ்வளவு யோசித்தாலும் வராது. அது சந்தியாகு மாமாவிடம் இருக்கிறது. எப்போதாவது கேட்டால் சொல்வார். என் ஆயுசில் ஒரு பகலை அடுத்தவர் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பது முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அதுதான் தெம்பு.

இன்று காலையில் உன் பாட்டிலை அரிசிப் பானையில் இருந்து எடுத்து, சீட்டு வெளியே தெரிகிற மாதிரி அடுப்படிப் பலகையில் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது. எது யாருடையது என்று தம்பிக்கும் தங்கைக்கும் வாசித்துக் காட்டியாயிற்று. சின்னவன் இரண்டு தரம் சரியாகச் சொன்னான். அந்தப் பூட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அறுந்த நாதாங்கித் துண்டைக் கவ்வியபடியே இருக்கிறது. நான் அதைத் திறக்கவில்லை.