குவாரித் தண்ணீரில் இரண்டு பேர்

கல்யாணமாகி நான்காவது வருடம் நானும் என் கணவரும் டைவிங் கற்றுக்கொண்டோம். ஆசை என்னுடையது. தொண்ணூறுகளில் அணுபுரத்தில் வளர்ந்தவள் நான். அணுமின் நிலைய ஊழியர்களின் குடியிருப்பு அது; அப்பாவுக்கு அந்த நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் சுடிதாரோடு குடியிருப்பு நீச்சல்குளத்தில் இறங்கி நீச்சல் பழகியிருந்தேன். அவர் நாமக்கல்காரர். முப்பது வயதுக்கு மேல்தான், அதுவும் எனக்காக, நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பின்னால் நான் சொல்லப்போவது முழுக்க அவருக்கு எதிராகத்தான் இருக்கும்.

அப்போது செங்கல்பட்டில் குடியிருந்தோம். நான் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவர் தினமும் கம்பெனி பஸ்ஸில் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய் வருவார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வார இறுதியில் புதிதாக எதையாவது கற்றுக்கொள்வது அவர் அலுவலகத்தில் வழக்கமாகிக்கொண்டிருந்த காலம். துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மாமல்லபுரத்தில் டைவிங் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்கு ஆசிரியர் அவர்தான். மழைக்காலத்துக்குப் பிறகு கடல் சில வாரங்கள் கலங்கியே கிடக்கும் என்பதால், ஜனவரியில் எங்களைச் செங்கல்பட்டுப் பக்கம் கைவிட்டுப்போன ஒரு கல்குவாரிக்கு அழைத்துப் போவார். நாற்பது அடிக்குத் தண்ணீர். அடியில் கிடக்கும் லாரி டயர் மேலிருந்தே தெரியும்.

முதல் நாளே ஆசிரியர் சொன்ன விதி, தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது. இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் டேங்கில் காற்று தீர்ந்தால் மற்றவர் தன் டேங்கிலிருந்து கொடுப்பார். அதற்காகவே ஒவ்வொரு டேங்கிலும் வாயில் கடித்துக்கொள்ளும் குழாய் ஒன்று கூடுதலாக இருக்கும். என் கணவருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. கற்றுக்குட்டிகள் ஏன் தனியாக முங்கக் கூடாது என்பதற்குப் புத்தகங்களிலிருந்து காரணங்களை எடுத்து என்னிடம் வாசித்துக் காட்டுவார்.

"என் டேங்க்ல இருக்கறதுல பாதி உன்னோடது. அப்படித்தான் கணக்கு" என்பார்.

எனக்கு அந்தப் பேச்சு அலுப்பாக இருந்தது. தண்ணீருக்கு அடியில் எனக்குப் பிடித்ததே யாரும் பேசாமலிருப்பதுதான். அவரோ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என் தோளைத் தட்டி, விரலால் வட்டம் காட்டி, நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பார்.

குவாரிக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். யாராவது எதையாவது தண்ணீரில் தவறவிட்டால் டேங்க் எதுவும் இல்லாமல் முங்கி எடுத்து வருவார். நாங்கள் ஜோடி ஜோடியாக இறங்குவது அவருக்கு வேடிக்கை.

"இன்னாமா, கைய புட்ச்சிகினு எறங்குறீங்க. எனுக்கு எப்ப மூச்சு முட்டும்னு எனுக்குத் தெரியும். பக்கத்துல கீறவனுக்கு எப்ப முட்டும்னு எனுக்கு இன்னாமா தெரியும்? அவன் பயந்தான்னா என்னியும் இல்ல சேத்து இஸ்துகினு போவான்."

என் கணவர் சிரித்துக்கொண்டே, "அதுக்குத்தான் அண்ணா டிரெய்னிங்" என்றார்.

குவாரியின் தெற்கு மூலையில், தண்ணீருக்கு அடியில், வெடி வைத்த பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு பொந்து. ஒரு ஆள் தாராளமாக நுழையலாம். உள்ளே தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அடுத்த பக்கம் திறப்பு இருக்கிறது என்று நினைத்தேன். ஆசிரியர் அதை வெளியே நின்று காட்டிவிட்டு, மேலே வந்ததும் சொன்னார்: "தலைக்கு மேல தண்ணி இருந்தா எப்ப வேணும்னாலும் மேல வரலாம். கல்லு இருந்தா வந்த வழியிலதான் திரும்பணும். அதுக்குத் தனிப் படிப்பு இருக்கு. நீங்க யாரும் அங்க போகக் கூடாது."

மூன்றாவது சனிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும்தான் போயிருந்தோம். காற்று நிரப்பும் கம்ப்ரஸரின் பெல்ட் அறுந்துபோனது. வேறொன்று வாங்க ஆசிரியர் வேனை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார். தான் வரும்வரை யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நிரப்பிய டேங்க் இரண்டு கரையில் இருந்தன. வெயில் நன்றாக விழுந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

"அந்தப் பொந்துக்குள்ள ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்" என்றேன்.

"அவர் என்ன சொல்லிட்டுப் போனார்?"

"பத்து நிமிஷம். நீங்க வரலைன்னா பரவாயில்ல, நான் தனியா போய்ட்டு வர்றேன்."

அவர் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. தனியாகப் போகிறேன் என்றால் அவர் வந்துதான் தீருவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவர் டேங்கை மாட்டிக்கொண்டார். வழி தவறாமலிருக்கக் கயிற்றுச் சுருள் ஒன்றை எடுத்து, பொந்தின் வாசலில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியில் நுனியைக் கட்டினார். நான் டார்ச்சோடு முன்னால் போனேன். அவர் சுருளைப் பிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

உள்ளே நாலைந்து ஆள் நீளம் போனதும் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடுக்கு. அவ்வளவுதான். திரும்பிப் போகலாம் என்று அவருக்குச் சைகை காட்டத் திரும்பினேன். டார்ச் வெளிச்சத்தில் அவர் கண்கள் கண்ணாடிக்குப் பின்னால் மிகப் பெரிதாகத் தெரிந்தன. மூச்சுக்குமிழிகள் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தன. கையை நீட்டினேன். அவர் உடம்பை முறுக்கித் திரும்பினார். அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு என் முகத்தில் அடித்தது. அடியில் படிந்திருந்த கல்தூள் மொத்தமும் கிளம்பியது. டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடித்தாலும் சாம்பல் நிறம் மட்டும்தான் தெரிந்தது.

கயிற்றைத் தேடித் துழாவினேன். இல்லை. சுருள் அவர் கையில் இருந்தது. அவர் வெளியே போனபோது கயிறும் அவரோடு போய்விட்டது. அது அப்போது எனக்குத் தெரியாது. துணையைக் காணவில்லையென்றால் ஒரு நிமிடம் தேடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தேடினேன். வளைவில் எங்காவது டேங்க் மாட்டி அவர் சிக்கியிருப்பார் என்று நினைத்து, பாறையைத் தடவிக்கொண்டு பொந்துக்குள்ளேயே முன்னும் பின்னும் போனேன். ஒரு நிமிடம் இல்லை, அதைப்போல் பல மடங்கு. ஒரு இடத்தில் கையில் ஏதோ துணி மாதிரி பட்டது. அவர் தோள்தான் என்று இழுத்தேன். பழைய சிமெண்ட் சாக்கு. அப்போது அவர் இறந்துவிட்டார் என்று நினைத்தேன். என்னால்தான் என்றும் நினைத்தேன். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

காற்றை இழுப்பது கனக்க ஆரம்பித்தது. டேங்கில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் மீட்டரைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். இருநூறில் ஆரம்பித்தது முப்பதில் நின்றது. அதற்குப் பிறகு அவரைத் தேடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். இடது கையைப் பாறையிலிருந்து எடுக்காமல் போய்க்கொண்டே இருந்தேன். சாம்பல் பச்சையானது. தலைக்கு மேல் கல் இல்லை.

மேலே வந்து பார்த்தபோது அவர் கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். கயிற்றுச் சுருள் மடியில் இருந்தது. வாட்ச்மேன் சட்டையைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் பாய முழங்கால் அளவில் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியா" என்றார் என் கணவர்.

வாட்ச்மேன்தான் கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். "இன்னா ஆளுமா இவுரு. மேல வந்து ரொம்ப நேரமா கம்முனு குந்திகினு கீறாரு. ஊட்டம்மா எங்கன்னு நானா கேட்டதுக்கப்புறம்தான் சொன்றாரு" என்றார்.

"ஆள் கூப்பிடத்தான் மேல வந்தேன்" என்றார் என் கணவர். அவர் டேங்க் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அதன் மீட்டர் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முள் தொண்ணூறில் நின்றது. என்னிடம் இருந்ததைப்போல் மூன்று மடங்கு காற்று.

ஆசிரியர் பெல்ட்டோடு திரும்பி வந்து இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். இனி என்னிடம் வராதீர்கள் என்றார். அவர் என் கணவரைத் தனியாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் வெளிய வந்தது ஒண்ணுதான் இன்னைக்கு நடந்த நல்ல காரியம். புதுசா கத்துக்கறவர் பயத்துல உள்ளயே நின்னிருந்தா, சாயந்திரம் நான் ரெண்டு பொணத்தை எடுத்துக்கிட்டு இருப்பேன்."

அது உண்மையாகவே இருக்கலாம். பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். உண்மையாக இருப்பதால் என் வருத்தம் ஒன்றும் குறையவில்லை.

அதற்குப் பிறகு இந்தக் கதையை என் கணவர் உறவினர் வீடுகளில் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சரளமாக. சீமந்தம், கிரகப்பிரவேசம், எங்கே நாலு பேர் கூடினாலும் யாராவது கேட்பார்கள். "இவ சொல்பேச்சு கேக்க மாட்டா. குகைக்குள்ள போய் மாட்டிக்கிட்டா. நான் மேல வந்து ஆளைக் கூப்பிட்டு, அப்புறம் ஒரு வழியா வெளிய வந்தா" என்பார். யார் யாரை வெளியே கொண்டுவந்தார்கள் என்பது அந்த வாக்கியத்தில் தெளிவாக இருக்காது. கேட்பவர்கள் அவரைத்தான் பாராட்டுவார்கள். நானும் பக்கத்தில் நின்று சிரிப்பேன். இரண்டு வருடம் அப்படிச் சிரித்தேன்.

ஒரே ஒருமுறைதான் இதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வந்தது. ஒரு ஞாயிறு மதியம் அவருடைய பெரியப்பா குடும்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தது. அன்றைக்கும் கதை சொல்லியிருந்தார். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு மேல வந்தப்போ உங்க மீட்டர்ல எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்ல."

"தொண்ணூறு."

"உள்ள போகணும்னு சொன்னது யாரு?" என்றார் அவர்.

"நான்தான்."

"நான் வரமாட்டேன்னு சொல்லியிருந்தா நீ போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன்."

"அப்புறம் என்ன? நான் இல்லாம போயிருந்தா என்ன பண்ணியிருப்பியோ, அதைத்தான பண்ண. தனியாத்தான வெளிய வந்த."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தனியாகப் போயிருந்தால் கல்தூள் கிளம்பியிருக்காது. கயிறு என் கையில் இருந்திருக்கும். கரையில் உட்கார்ந்திருந்த ஒருவரை அடியில் தேடி என் காற்றைத் தீர்த்திருக்க மாட்டேன். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று புரிந்தது. அவரே என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கழுவினார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எங்கேயும் சொல்லவில்லை. அலமாரியின்மேல் இருந்த டைவிங் புத்தகங்களையும் ஒருநாள் காணவில்லை.

நான் மட்டும் இன்னொரு முறை இறங்கினேன். அந்தப் பேச்சுக்கு அடுத்த வருடம், பங்குனியில், சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில். மாமல்லபுரத்தில் வேறொருவர் படகு வைத்து நடத்திவந்தார். அவரிடமும் தனியாக இறங்க அனுமதி இல்லை. அன்றைக்குப் படகுக்கு வந்திருந்த ஒரு பெண்ணை எனக்கு ஜோடியாகச் சேர்த்தார்கள். வங்கியில் வேலை பார்ப்பவள், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். எனக்கு அனுபவம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, "அக்கா இருக்கீங்கன்னா எனக்குப் பயமே இல்ல" என்றாள்.

இருபத்தைந்து அடி ஆழத்தில் அவள் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சாதாரண விஷயம். மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும். அவள் பயந்து இரண்டு கைகளாலும் என் முன்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் உள்ளே இறங்கும் அளவுக்குப் பிடி. நான் யோசிக்கக்கூட இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பிரித்துவிட்டு ஒரு கை தூரம் பின்னால் நகர்ந்தும்விட்டேன். அவள் இரண்டு கைகளையும் நீட்டியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான் இருந்த இடத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பத்து நொடி இருக்கலாம். என் மீட்டரில் நூற்றிருபது இருந்தது.

பிறகு போய் அவள் தோளைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்தேன். படகில் ஏறியதும் அவள் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா நான் செத்திருப்பேன் அக்கா" என்றாள். படகுக்காரர்கூட என்னைப் பாராட்டினார். நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். ஒரு வருடத்தில் முதல்முறையாகத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். தயங்கித்தான் கேட்டார். நடந்ததை அப்படியே சொல்லியிருக்கலாம். பத்து நொடி என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும், அவருக்கு எத்தனையோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஒரு வருடமாக என்னை நிமிர்ந்து பார்க்காத மனுஷன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருப்பார்.

"தண்ணி கலங்கல்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். இன்றுவரை சொல்லவில்லை.