பின்னாலிருந்து தொடங்கிய நாவல்

போன வாரம் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில், பொங்கோல் புதுநகரில் வசிக்கும் ஒரு பையன் என் கையில் நாவல் ஒன்றைத் திணித்து, "அங்கிள், இது நான்-லீனியர், கதை நேர்வரிசையில போகாது. சிங்கப்பூர் தமிழ்ல இதான் ஃபர்ஸ்ட்டு லா" என்றான். முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. எங்கள் புத்தகங்களில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மாவுப் பசை நாறும். படிக்காதவன்கூட மூக்காலேயே விமர்சனம் எழுதலாம்.

'எங்கள்' என்றால், அறுபதுகளில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியறையில் நடந்த பதிப்பகம். முதலாளி ராஜமாணிக்கம் புகையிலை இல்லாத பைப்பை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார். யுனிவர்சிட்டி முடித்த சூட்டோடு வந்த நான் உதவி ஆசிரியர். ஊரே குடும்பக் கதை படித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, நாங்கள்தான் இலக்கியத்தைத் தூக்கி நிறுத்தப் போகிறோம் என்ற நினைப்பு. பக்க எண் போடுவது வாசகனை அவமதிப்பது என்றார் முதலாளி. நானும் பெரிய மேதை மாதிரி தலையாட்டினேன்.

அங்கேதான் மீனாட்சி நாவலோடு வந்தார். ஆஸ்பத்திரியில் தாதி; எல்லாருக்கும் 'மிஸி'. ஒரே மகனைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர். நாவல் பையனின் சாவில் தொடங்கி, பின்னோக்கியே போய், அவன் பிறக்கிற காலையில் முடியும்.

"கதையிலயாவது கடைசியில அவன் இருக்கட்டும் அண்ணே."

"பிரமாதமான உத்தி மிஸி" என்றார் ராஜமாணிக்கம். பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தியாயத்துக்கு ஒரு மடித்த தாள்கட்டாக, அதாவது ஒரு மடிப்பாக அச்சடித்து, பைண்டர் காதர் பாயிடம் அனுப்பினோம். எண் இல்லாததால் மனிதர் உட்கார்ந்து படித்தே அடுக்கியிருக்கிறார். புத்தகம் வந்தது. பையன் முதலில் பிறந்து, வளர்ந்து, கடைசியில் ஒழுங்காகச் செத்தான்.

"என்ன பாய் இது?" என்றேன்.

"பொறக்குறதுக்கு முந்தியே மௌத்தாப் போறானே தம்பி. மடிப்பு மாறிப்போச்சுன்னு சரி பண்ணி வச்சேன்."

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டச் சொன்னார் மிஸி. அதற்குள் ஒரு பத்திரிகை 'கண்ணீர்க் காவியம்' என்று எழுதித் தொலைத்திருந்தது. ராஜமாணிக்கம் பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"மிஸி, சனங்க அழுவுறாங்க. அழுதா விக்கும். அப்படியே கெடக்கட்டும் லா."

"எம்புள்ளைய இன்னொருவாட்டி சாவடிச்சுட்டீங்களே அண்ணே."

பக்க எண்ணையே ஒழித்த புரட்சிக்காரர் அசையவில்லை. காதர் பாய்தான் ஒரு பிரதியைப் பிரித்து, மிஸி சொன்ன வரிசையில் தைத்துக் கொடுத்தார். மிஸி அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. முதலாளி வரிசையாகக் குடும்பக் கதை போட்டார். எல்லாவற்றிலும் கடைசியில் யாராவது செத்தார்கள்.

எங்கள் மாடியறை இருந்த கடைவரிசையை இடித்தாகிவிட்டது. ராஜமாணிக்கமும் இல்லை, பாயும் இல்லை. நூலகத்தில் இருப்பது பாய் 'சரி பண்ணிய' புத்தகம். மிஸி இறந்தபின் வீட்டைக் காலி செய்தவர்கள், பழைய பேப்பரோடு எதையெல்லாம் தூக்கிப் போட்டார்களோ. அந்த ஒரு பிரதியில்தான் கடைசிப் பக்கத்தில் பையன் பிறந்து வீறிட்டு அழுவான். வேறு யாரும் அழமாட்டார்கள்.