நாற்பது நிமிட பில்டு

நேற்று செங்கல்பட்டு மின்ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டையில் இரும்பு கடையும் மெஷினில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாடை அடித்தது. நீங்களாக இருந்தால் மூக்கைச் சுளித்திருப்பீர்கள். எனக்கோ மறைமலைநகர் கஸ்தூரியக்கா நினைவுக்கு வந்துவிட்டார்.

அங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மெஷினுக்கு நாங்கள்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். எனக்கு அது முதல் வேலை. அந்த மாதம்தான் நிரந்தரம் ஆக வேண்டும். கஸ்தூரியக்கா அந்த மெஷினில் ஒப்பந்தத் தொழிலாளி. கீறல் விழுந்த பாகத்தைக் கண்டால் சிவப்புப் பட்டனை அமுக்குவார். மெஷின் அதை ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் கீறல் விழுந்தவையும் நல்ல பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. புகார் வந்ததும் என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். பட்டன் ஒழுங்காக வேலை செய்தது. எங்கள் பக்கம் பிழை இல்லை என்று கொஞ்சம் மிடுக்கான ஆங்கிலத்தில் மின்னஞ்சல் தட்டிவிட்டேன். அதை வைத்து, பட்டனை அமுக்காமல் விட்டதாக அக்காவுக்குத் தொழிற்சாலையில் மெமோ கொடுத்துவிட்டார்கள். மூன்று நாளில் சரியான பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

மனசு கேட்காமல் நேரில் போனேன்.

"நான் அமுக்கிகினுதான் கீறேன் சார். மெஷினுதான் பாக்க மாட்டேங்குது," என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. சோதித்துப் பார்க்கும்போது, நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு, வரிக்கு வரி அப்படியே மாற்றும்படி செட்டிங் வைப்போம். தொழிற்சாலைக்கு அனுப்பும்போது, வேகத்துக்காக வேண்டாததை வெட்டச் சொல்வோம். நான் சோதித்தது முதல் வகையை; மெஷினில் ஓடியது இரண்டாவது. அலுவலகம் போய் செட்டிங்கை மாற்றி, முழுவதையும் கம்பைலரில் மறுபடி ஓட்டி, அதாவது பில்டு செய்து, பார்த்தேன். அக்கா சொன்னதேதான். பட்டனை ஒருமுறை பார்த்தாயிற்று, திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் வேலை என்று கம்பைலர் அதை வெட்டியிருந்தது. இதை வெட்டாதே என்று ஒரே ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும். நான்தான் மறந்திருந்தேன்.

சொல்லைச் சேர்த்து மறுபடி பில்டு போட்டேன். எங்கள் பழைய கணினியில் அதற்கு ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் எல்லோரும் டீக்கடைக்குப் போய் மசால்வடையோடு உலகத்தைத் திருத்திவிட்டு வருவது வழக்கம். பக்கத்து இருக்கை தினகர் எழுந்துகொண்டே, "தப்புன்னு சொல்லிக்காம, புது வெர்ஷன்னு அனுப்பிடு மச்சான். யாருக்குத் தெரியப் போவுது," என்றான். எனக்கும் அதுதான் ஆசை, மறைப்பானேன்.

ஆனால் டீக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. வேறு வேலையும் இல்லை. திரையில் வரிகள் ஓட ஓட, அந்த மெமோவே கண்ணுக்குள் நின்றது. முதலில் பயமாக இருந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது. பில்டு முடிவதற்குள் கடிதத்தை எழுதிவிட்டேன்: பிழை என்னுடையது, அந்தத் தொழிலாளி சொன்னது சரி.

மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். புது புரோகிராம் ஏறியதும் அக்கா பட்டனை அமுக்கி, "இப்போ பாக்குது," என்று சொல்லிவிட்டு அடுத்த பாகத்தை எடுத்தார். இப்போது அவர் அங்கே லைன் சூப்பர்வைசர்.

இன்றைக்கு எங்களிடம் இரண்டு செட்டிங்கிலும் சோதனை தானாகவே ஓடிவிடுகிறது. அப்படி ஒரு மெமோ இனி யாருக்கும் போகாது என்பதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். முழு பில்டும் எட்டே நொடியில் முடிகிறது. அன்றைக்கும் எட்டு நொடிதான் ஆகியிருந்தால், நான் தினகர் சொன்னபடிதான் செய்திருப்பேன்.